பெயர்த்துண்டைப் பிரிக்காதீர்கள்: அமெரிக்கக் குவில்ட் சேகரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

பழைய அமெரிக்கக் குவில்ட்டுகளை வாங்கியும் விற்றும் பாதுகாத்தும் வரும் உங்களுக்கு, அவற்றைப் பல ஆண்டுகளாக ஆசையோடு பார்த்துவரும் ஒருவன் எழுதிக்கொள்வது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் நூலோட்டத்தால் இறுக்கிய அந்தப் போர்வைகளின் அழகை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைத் தைத்தவர்களைப் பற்றி எழுதி வைக்காமல் விடும் வழக்கத்தையும், தைத்தவர் பெயரை எழுதி மூலையில் தைத்திருக்கும் பெயர்த்துண்டைப் பிரித்துவிடும் வழக்கத்தையும் குறித்தே இந்த மடல்.

சென்ற ஆண்டு ஒஹாயோவில் ஒரு பழம்பொருள் கடையில் குவில்ட் ஒன்றை வாங்கினேன். மோதிரங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் 'டபுள் வெட்டிங் ரிங்' கோலம். துணிகள் 1930களைச் சேர்ந்தவை. அடித்துணி, தீவன மூட்டையைப் பிரித்து எடுத்தது. மூட்டையைத் தைத்திருந்த சங்கிலித் தையலின் ஊசித்துளைகள் இன்னும் வரிசை கலையாமல் தெரிகின்றன. எத்தனையோ வெளுப்புக்குப் பிறகும் மூட்டையில் அச்சிட்டிருந்த எழுத்தின் சாயல் ஒரு பக்கம் மங்கலாக நிற்கிறது. வீட்டுக்கு வந்து விரித்தபோதுதான் மூலையைக் கவனித்தேன். மற்ற இடமெல்லாம் பழுப்பேறியிருக்க, தீப்பெட்டியளவு செவ்வகம் ஒன்று மட்டும் வெளுப்பாக இருந்தது. அதன் நான்கு ஓரங்களிலும் அறுபட்ட நூல் நுனிகள். கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன். அழுக்கேறிய ஒரு துண்டு இருந்ததாகவும், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று பிரித்துவிட்டதாகவும், அதில் என்ன எழுதியிருந்தது என்பது நினைவில்லை என்றும் சொன்னார். விலைச்சீட்டில் 'தைத்தவர்: தெரியவில்லை' என்று எழுதியிருந்ததும் அவரேதான்.

துணியைப் பார்த்தே காலத்தைக் கணிக்கும் உங்கள் திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இரும்புச் சேர்மானத்தால் நிறமேற்றிய பழைய பழுப்புத் துணிகள் பக்கத்துத் துணிகளெல்லாம் திடமாக இருக்கும்போதே பொடிந்து உதிர்வதையும், அச்சுப் பூக்களின் பாணி மாறிய காலத்தையும் நீங்கள் அறிவீர்கள். ஆனால் யார் தைத்தார், யாருக்காகத் தைத்தார், அந்தக் கட்டத்தில் அந்த உருவத்தை ஏன் வைத்தார் என்பதைத் துணி தானாகச் சொல்லாது. தொடக்ககால அமெரிக்கக் குவில்ட்டுகள் சிலவற்றில் நம் சோழமண்டலக் கரையில் வண்ணமெழுதிய சிண்ட்ஸ் துணியின் பூக்களை வெட்டி எடுத்துப் பதித்திருப்பார்கள். அந்தப் பூவை எழுதிய கைக்குரியவரின் பெயரையும் எவரும் கேட்டு வைக்கவில்லை.

கேட்டு எழுதி வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஹாரியட் பவர்ஸின் குவில்ட்டுகளைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த அவர், விவிலியக் கதைகளைத் துணியில் வெட்டிப் பதித்துத் தைத்த குவில்ட் 1886இல் அம்மாநிலத்து ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் இடம்பெற்றது. அதைக் கண்ட ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது, என்ன விலைக்கும் தர முடியாது என்று பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துக் கையில் காசில்லாத நிலை வந்தது. குவில்ட்டைச் சுத்தமான மாவுச் சாக்கில் இட்டு, அதற்கு மேல் ஒரு கோணியும் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஸ்மித்தின் வாசலுக்கு வந்து இறங்கினார். கேட்டது 10 டாலர். ஸ்மித்திடம் இருந்ததோ 5 டாலர். பவர்ஸ் வெளியே போய்க் கணவரிடம் கலந்து பேசிவிட்டு வந்து, காலம் கெட்டுக் கிடப்பதால் அந்த ஐந்தையே வாங்கிக்கொண்டார். விற்ற பிறகும் அதைப் பார்ப்பதற்கென்றே பல முறை வந்து போயிருக்கிறார்.

ஐந்து டாலர் பேரத்தை நான் மெச்சவில்லை. ஆனால் அன்று ஸ்மித் ஒரு நல்ல காரியம் செய்தார்: ஒவ்வொரு கட்டமும் எதைக் குறிக்கிறது என்று பவர்ஸ் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதி வைத்தார். அந்தக் குவில்ட் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பவர்ஸின் இன்னொரு குவில்ட் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கும் விளக்கம் பதிவாகியிருக்கிறது. அதில் ஒரு கட்டம், 1833 நவம்பரில் விண்மீன்கள் மழையாகக் கொட்டிய இரவு. பவர்ஸ் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முந்தைய நிகழ்ச்சி, பெரியவர்கள் சொல்லக் கேட்டுத் தைத்திருக்க வேண்டும். வேறொரு கட்டத்தில் ஒரு பன்றி. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை 500 மைல் ஓடிய, பெட்ஸ் என்ற பெயருடைய பன்றி அது. விளக்கம் இல்லாதிருந்தால் அதை ஏதோ ஒரு பண்ணை விலங்கு என்று குறித்துவிட்டு நகர்ந்திருப்போம்.

கேட்டு வைக்காத இடத்தில் கட்டுக்கதை குடியேறுகிறது. தப்பி ஓடிய அடிமைகளுக்கு வழிகாட்ட, 'லாக் கேபின்' (மரக்கட்டை வீடு) போன்ற கோலமுள்ள குவில்ட்டுகளை இரகசியச் சைகையாக வெளியே தொங்கவிட்டார்கள் என்ற செய்தியை உங்களில் பலரே விற்பனைச் சீட்டில் எழுதுகிறீர்கள். ஒரு குடும்பத்தின் வாய்மொழிக் கதையை வைத்து 1999இல் வெளிவந்த ஒரு நூலே அதைப் பரப்பியது. தப்பி வந்தவர்களே எழுதிய நினைவுக் குறிப்புகள் இருக்கின்றன. குவில்ட் சங்கேதத்தை நிறுவும் சான்று எதுவும் அவற்றில் இல்லை. வரலாற்றாளர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் விற்பனைச் சீட்டுகள் திருந்தவில்லை.

1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குவில்ட்டுகளைக் கட்டிலிலிருந்து எடுத்து ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டியபோது, உலகம் அவற்றைக் கலையாகப் பார்க்கத் தொடங்கியது. அங்கே கோலம்தான் பேசியது, தைத்தவர்கள் பேசவில்லை. 2002இல் ஹூஸ்டனில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்க் குவில்ட்டுகள் காட்சிக்கு வந்தபோது, அவற்றைத் தைத்த பெண்களின் பெயரும் பேச்சும் கூடவே வந்தன. கெண்டக்கியில் 1981இல் தொடங்கிய பதிவுத் திட்டம் இன்னும் எளிய வழியைக் காட்டியது. குறித்த நாளில் வீட்டுக் குவில்ட்டோடு வாருங்கள் என்று மக்களை அழைத்துப் படமெடுத்தார்கள், கதை கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். பின்னர் பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

நான் உங்களிடம் வேண்டுவது அதைவிடச் சிறியது. இறந்தவர் வீட்டுப் பொருள்களை மொத்தமாக வாங்கும்போது, பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்கு முன், இதைத் தைத்தது யார் என்று அந்தக் குடும்பத்தாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். வந்த விடையை, 'அம்மாவின் சித்தி, பெயர் சரியாகத் தெரியாது' என்பது போன்ற அரைகுறை விடையானாலும், ஊரின் பெயரோடு எழுதிக் குவில்ட்டோடு சேர்த்துக் கொடுங்கள். பெயர்த்துண்டு எவ்வளவு அழுக்காக இருந்தாலும் அதில் கத்தரி வைக்காதீர்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், எங்கே, எப்போது, எவ்வகை இடத்தில் வாங்கினீர்கள் என்பதையாவது குறியுங்கள்.

என் குவில்ட்டின் மூலைக்கு வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். அந்த வெளுத்த செவ்வகத்தை மறைக்காமல் அதன் பக்கத்தில் தைப்பதாக எண்ணம். வாங்கிய ஊர், ஆண்டு, இங்கே முன்பு ஒரு பெயர் இருந்தது என்ற குறிப்பு ஆகிய மூன்றை மட்டுமே அதில் எழுத முடிந்தது.

இப்படிக்கு,
குவில்ட் ஆர்வலன் ஒருவன்