கார்டினல் கொடுத்த பணம்: வரலாற்றுப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் (1618–1648) பாடத்தின் திருத்திய பதிப்பிலும் "கத்தோலிக்கருக்கும் புரோட்டஸ்டன்டுகளுக்கும் இடையே நடந்த மதப்போர்" என்ற பழைய வரியே நிற்கிறது. விடைக்குறிப்பில் காரணம் 'மதம்' ஒன்றுதான். ஸ்பெயினையும் ஆஸ்திரியாவையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் ஆதிக்கத்தின் மீதிருந்த அச்சம் என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது. படித்துப் புரிந்துகொண்டு எழுதியவருக்கு இப்படி நேர்வதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த வரியைத் திருத்துங்கள் என்று கேட்கவே இம்மடல்.

1618 மே 23 அன்று பொஹிமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) புரோட்டஸ்டன்டு பிரபுக்கள், பிராக் கோட்டைச் சன்னலிலிருந்து ஹாப்ஸ்பர்க் அதிகாரிகளை வீசியெறிந்த சம்பவம் உங்கள் பாடத்தில் விரிவாகவே இருக்கிறது. அதை அடுத்து வரவேண்டிய வாக்குக் கணக்குதான் இல்லை. ஜெர்மன் நிலங்களை உள்ளடக்கிய புனித ரோமானியப் பேரரசின் பேரரசரைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏழு பேர். மைன்ஸ், ட்ரியர், கொலோன் பேராயர்கள் மூவரும் கத்தோலிக்கர்கள். சாக்சனி, பிராண்டன்பர்க், பாலட்டினேட் ஆட்சியாளர்கள் மூவரும் புரோட்டஸ்டன்டுகள். ஏழாவது வாக்கு பொஹிமிய மன்னருடையது. 1619இல் பொஹிமியர்கள் ஹாப்ஸ்பர்க் பெர்டினாண்டை நீக்கிவிட்டு, பாலட்டினேட்டின் ஐந்தாம் பிரெடரிக்கை அரசராக்கினார்கள். அது நிலைத்திருந்தால் அடுத்த தேர்தலில் பேரரசே ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிருக்கக்கூடும்.

அப்போது பேரரசராகிவிட்ட பெர்டினாண்டுக்குத் துணையாகப் படை அனுப்பியவர்களில் ஒருவர் சாக்சனியின் யோஹான் கியோர்க். அவர் லுத்தரன், அதாவது புரோட்டஸ்டன்டுகளில் ஒரு பிரிவினர். போர்ச் செலவுக்கு ஈடாக லாசிட்ஸ் பகுதி அவர் வசமானது. கத்தோலிக்கரான பவேரியாவின் மாக்சிமிலியனும் வெறும் பக்தியால் வரவில்லை. மேல் ஆஸ்திரியாவை அடமானமாகப் பெற்றார். 1623இல் பிரெடரிக்கிடமிருந்து பறித்த தேர்வுரிமையும் அவருக்கே போனது.

ஒரே ஓர் ஆவணத்தையாவது பாடத்தில் சேருங்கள் என்றால், 1631 ஜனவரி 23 அன்று கையெழுத்தான பேர்வால்டே உடன்படிக்கையைத்தான் சொல்வோம். சுவீடனின் லுத்தரன் அரசர் குஸ்டாவஸ் அடால்பஸ் ஜெர்மனியில் 30,000 காலாட்படையினரையும் 6,000 குதிரைப்படையினரையும் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிரான்சு ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 4,00,000 தாலர் (ஜெர்மன் வெள்ளி நாணயம்) தரும். பிரான்சின் சார்பில் இதைத் தீர்மானித்தவர் அந்நாட்டின் முதன்மை அமைச்சரும் கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினலுமான ரிஷெலியூ. அதற்கு முன்பு 1628இல்தான், தன் நாட்டுப் புரோட்டஸ்டன்டுகளின் லா ரோஷெல் நகரை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டுப் பணியவைத்திருந்தார். உள்நாட்டில் அவர்களை ஒடுக்கியவர் வெளிநாட்டில் அவர்களுக்கே படி அளந்ததற்குக் காரணம் நிலப்படத்தில் இருக்கிறது. தெற்கே ஸ்பெயின், கிழக்கே பிரான்ஷ்-கோம்டே, வடக்கே ஸ்பானிய நெதர்லாந்து: மூன்று பக்கமும் ஹாப்ஸ்பர்க் நிலம். மிலானிலிருந்து பிளாண்டர்ஸுக்கு ஸ்பானியப் படை போகும் பாதையை அறுக்க வேண்டும். பேரரசர் இருந்த வியன்னாவின் கை ஓங்கக் கூடாது.

உடன்படிக்கை முடிந்து நான்கு மாதங்கூட ஆகவில்லை. மே 20 அன்று பேரரசுப் படை மாக்டெபர்க் நகரைச் சூறையாடியது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். அவர்கள் புரோட்டஸ்டன்டுகள் என்பதோடு உங்கள் வரி நின்றுவிடுகிறது. எல்பே ஆற்றுக் கடவை, சுவீடனோடு அந்நகரம் செய்த கூட்டு, கூலி பாக்கியோடு பசித்துக் கிடந்த படைவீரர்கள் ஆகிய எதற்கும் அதில் இடமில்லை. 1635இல் பிரான்சு ஸ்பெயின்மீது போர் அறிவித்தது. இரண்டுமே கத்தோலிக்க நாடுகள். 1643இல் சுவீடன் டென்மார்க்கைத் தாக்கியது. இரண்டுமே லுத்தரன் நாடுகள். அந்த டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் நம் மாணவர்களுக்குப் புதியவரும் அல்ல. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்பாடு பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை எழுந்தது அவர் காலத்தில்தான். 1625இல் அவர் போரில் இறங்கியதில், மகனுக்கு வட ஜெர்மன் ஆயர் நிலங்களைப் பிடித்துத்தரும் ஆசையும், எல்பே, வெசர் ஆற்று முகங்களின் வணிகமும் கலந்திருந்தன.

மதத்தைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. கிளர்ச்சி முறியடிக்கப்பட்ட பின் பொஹிமியாவில் மதம் மாற மறுத்து ஊரைவிட்டுப் போனவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் பேரரசர் பிறப்பித்த 1629இன் மீட்பு ஆணைகூட, 1552க்குப் பின் கைமாறிய திருச்சபை நிலங்களைத் திரும்பக் கேட்டது. அவற்றில் மாக்டெபர்க், ஹால்பர்ஸ்டாட் ஆயர் பதவிகள் பேரரசரின் மகனுக்கே குறிவைக்கப்பட்டன. மதமும் நிலமும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதைத்தானே பிள்ளைகள் படிக்க வேண்டும்? எந்தப் போரைக் கேட்டாலும் 'மதவெறி' என்று இரண்டு மதிப்பெண்ணுக்குள் அடைத்துவிடும் பழக்கம், நாளை செய்தித்தாளில் ஒரு கலவரத்தைப் படிக்கும்போதும் அவர்களை விடாது. இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கோபம் வருவது உண்மை.

அருள்கூர்ந்து அந்த ஒற்றை வரியைத் திருத்துங்கள். ஏழு வாக்குகளுக்கு ஓர் அட்டவணை, பேர்வால்டேக்கு ஒரு பத்தி, ஹாப்ஸ்பர்க் நிலங்களைக் காட்டும் ஒரு படம்: இரண்டு பக்கத்தில் அடங்கும். பாடம் மாற நாளாகுமென்றால், விடைக்குறிப்பையாவது அடுத்த தேர்வுக்கு முன் மாற்றித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்