படுவான்கரைப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்துத் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2023 மார்ச்சில் கலைந்த சபைகள் 2025 மே தேர்தலுக்குப் பிறகுதான் மீண்டும் கூடின. வீதி, வடிகான், தெருவிளக்கு என்று கோரிக்கைகள் குவிந்திருக்கும். அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பொது நூலகங்களில் ஒன்லைன் கல்விக்கென்று ஓர் அறை வேண்டும்.

2020இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. பல வீடுகளில் இருந்த ஒரே போன் விடியவே தகப்பனோடு வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போய்விடும். அது திரும்பி வரும்போது பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும். நிலைமை இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது, டேட்டாச் செலவு மாறவில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் சுமாரான தெளிவில் ஒரு மணிநேர வீடியோ பார்த்தாலே அரை ஜிபி போய்விடும். கூலி வேலை செய்யும் குடும்பம் எத்தனை பாடத்துக்கு ரீலோட் போடும்?

நூலகத்தில் ஓர் இணைப்பு இருந்தால் அந்தச் செலவு ஊருக்கே ஒன்றாகிவிடும். சிக்னல் விழாத இடத்துக்கும் வழி இருக்கிறது. கொலிப்ரி, கிவிக்ஸ் போன்றவை இலவச மென்பொருள்கள். நல்ல இணைப்புள்ள இடத்தில் பாடங்களையும் தமிழ் விக்கிப்பீடியாவையும் ஒருமுறை இறக்கி ஒரு சிறு கணினியில் வைத்துவிட்டால், பிறகு இணையமே இல்லாமல் அறைக்குள் இருக்கும் போன்களில் வைஃபை வழியாகப் படிக்கலாம்.

கணினி வாங்குவதோடு வேலை முடிந்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நாடா வெட்டித் திறந்த கணினிகளை உறை போட்டு மூடி வைத்த கதை நமக்குப் புதிதல்ல. முதலில் ஆளைத் தேடுங்கள். உயர்தரத்தில் (ஏ/எல்) தகவல் தொழில்நுட்பம் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் ஊரிலேயே இருக்கிறார்கள்; ஒருவருக்கு மாதக் கொடுப்பனவு கொடுத்து அந்த அறையை ஒப்படைக்கலாம்.

நேரமும் முக்கியம். பள்ளிக்கூடம் 1.30க்கு விடுகிறது. அதற்குப் பிறகு 5 மணி வரை திறந்திருந்தால் போதும். இருட்டினால் யானைப் பயம், பெண் பிள்ளைகளை யாரும் அனுப்ப மாட்டார்கள். சனி, ஞாயிறைத் தாய்மாருக்கு ஒதுக்குங்கள். வங்கிச் செயலியைப் பாவிக்கவும், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பவும், வெளிநாட்டில் இருக்கும் மகளோடு பேசவும் அடுத்தவர் கையை எதிர்பார்த்திருப்பவர்கள் அவர்கள்தான்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்று சபை அமர்வில் சொல்லுங்கள். கேட்க வருவோம்.

இப்படிக்கு,
படுவான்கரையில் கணினி கற்பிக்கும் ஓர் ஆசிரியை