எங்கள் கடலுக்கு மேலுள்ள காற்றையும் அளந்து சொல்லுங்கள்

புவி அறிவியல் அமைச்சகத்துக்கும், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்களுக்கும், கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் கடற்கரைப் பகுதியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எங்கள் ஊர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்றவை. சுறாவும் சூரையும் எங்களுக்கு உணவு, வருமானம் இரண்டுமே. பெரிய மீன்களில் பாதரசம் சேர்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம், நம் கடலில் அதைக் கொட்டியது யார் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். திறந்த கடலுக்குள் சேரும் பாதரசத்தின் பெரும்பகுதி வானத்திலிருந்து இறங்குகிறது என்று விளக்குகிறேன். அப்படியானால் நம் தலைக்கு மேலே எவ்வளவு இருக்கிறது என்று அவர்கள் விடாமல் கேட்கிறார்கள். அந்த விடையை நீங்கள்தான் பறந்துசென்று கொண்டுவர வேண்டும்.

நிலக்கரி எரியும்போதும், சிறு சுரங்கங்களில் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசத்தைச் சூடாக்கும்போதும் அது ஆவியாகிக் காற்றில் ஏறுகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 2015ஆம் ஆண்டில் மனிதச் செயல்களால் காற்றில் கலந்த பாதரசம் ஏறத்தாழ 2,220 டன். அதில் கிட்டத்தட்டப் பாதி ஆசியாவிலிருந்து கிளம்பியது. இந்த ஆவி நீரில் எளிதில் கரையாது. எனவே மாதக்கணக்கில் மிதந்து நாடுகளைக் கடக்கும். புரோமின் போன்றவற்றோடு வினைபுரிந்து கரையக்கூடிய சேர்மமாக மாறிய பிறகே மழை அதைக் கீழே கொண்டுவரும். கடலில் நுண்ணுயிர்கள் அதை, உயிர்களின் உடலில் தங்கிவிடும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக்குகின்றன. சிறுமீனைப் பெருமீன் தின்னத் தின்ன அதன் செறிவு கூடுகிறது.

நான் உங்களை வற்புறுத்துவதற்குக் காரணம், காற்றிலுள்ள ஆவி கரையக்கூடியதாக மாறும் அந்த மாற்றம்தான். கரையக்கூடிய பாதரசம் பல கிலோமீட்டர் உயரத்தில்தான் அதிகம் உருவாகிறது. தரையில் ஒரு நிலையம் வைத்து ஆண்டு முழுவதும் அளந்தாலும் மேலே நடப்பது முழுமையாகப் பிடிபடாது. 1998இல் வெளியான ஓர் ஆய்வு, 19 கிலோமீட்டர் உயரம் வரை பறந்து திரட்டிய தரவுகளைக் கொண்டு, மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்கு மண்டலத்தின் அடிப்பகுதித் துகள்களிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. விமானம் போகாமல் இது தெரிந்திருக்காது.

இதற்குத் தனி விமானம் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. காரிபிக் என்ற ஐரோப்பியத் திட்டத்தில், லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ340 பயணிகள் விமானத்தின் சரக்கறையில் கருவிகள் நிறைந்த ஒரு கொள்கலனை ஏற்றினார்கள். 2005 முதல் அதில் பாதரசமும் அளக்கப்பட்டது. 2008இல் அந்த விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்குப் பலமுறை வந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் தரைக்காற்றை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கிவிடுகின்றன என்பதை, அந்தப் பயணங்களில் பதிவான மீத்தேன் அளவுகள் தெளிவாகக் காட்டின. சென்னைவரை வந்த அந்த அக்கறை குமரி முனைவரை நீள வேண்டும் என்பதே என் ஆசை.

வேலை எளிதல்ல என்பதை அறிவேன். வட அரைக்கோளத்தில் தரையருகே ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பது சுமார் 1.5 நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒன்றரைப் பங்கு. அதைத் தங்கத்தில் ஒட்டவைத்து, பிறகு சூடாக்கி விடுவித்து, புற ஊதா ஒளியில் அது ஒளிர்வதைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். உயரம் மாறும்போது காற்றழுத்தமும் மாறுவதால் கருவிக்குள் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்க வேண்டும். கரையக்கூடிய பாதரசமோ உறிஞ்சுகுழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இவையெல்லாம் பிற நாட்டு ஆய்வாளர்கள் ஏற்கெனவே மல்லுக்கட்டிய சிக்கல்கள். 2009 முதல் விமானத்தில் ஏறி மேகங்களுக்குள் அளவெடுத்த உங்களுக்கு அவை மலைப்பைத் தரக்கூடாது.

எங்கள் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறுகிறது. ஒன்று அரபிக்கடல் காற்றைக் கொண்டுவருகிறது. மற்றது வங்கக்கடல் பக்கமிருந்து நிலப்பரப்பின் புகையையும் சுமந்துவரக்கூடியது. இரண்டு பருவங்களிலும் குமரி முனைக்குத் தெற்கே பறந்து பாதரசம், மேலடுக்குக் காற்றில் மிகுந்திருக்கும் ஓசோன், புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு மூன்றையும் சேர்த்து அளந்தால், எது புகையோடு வந்தது, எது மேலடுக்கிலிருந்து இறங்கியது என்பதைப் பிரித்தறிய வழி பிறக்கும். அதே நாட்களில் கடலோர முட்டத்திலும் பேச்சிப்பாறை அணையிலும் மழைநீரைச் சேகரித்துச் சோதியுங்கள். அணையில் மீன் பிடிப்பவர்களுக்கும் அந்த மழையில் பங்கிருக்கிறது.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். முடிவுகளை வெளியிடும்போது, மீனே ஆபத்து என்ற பீதி பரவ இடம் கொடுத்துவிடாதீர்கள். சாளை, நெத்தோலி போன்ற சிறுமீன்களில் பாதரசம் பொதுவாகக் குறைவு. கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் கவனமாக இருக்க வேண்டியது பெரிய மீன்களில்தான். இந்த வேறுபாடு சொல்லப்படாவிட்டால், ஒரு தலைப்புச் செய்தியே எங்கள் சந்தையை முடக்கிவிடும். ஓகி புயலில் ஆட்களை இழந்த கரை இது; இன்னொரு அடியைத் தாங்காது.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. அனல்மின் நிலையங்களின் புகையைக் கட்டுப்படுத்துவதால் எங்கள் கடலுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க, இன்றைய அளவு கையில் வேண்டும். அதைத் தமிழில் எழுதி, எங்கள் ஊராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் அனுப்புங்கள். மழைமானிகளைப் பராமரிக்கவும் மாதிரிகளைக் குறித்த நேரத்தில் எடுத்து அனுப்பவும் என் மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தூத்தூர் கடற்கரைப் பகுதி அறிவியல் ஆசிரியை