முதுகுவலிக்கு எந்த இடத்தை ஸ்கேன் எடுக்கிறோம்?

ஆசிரியருக்கு வணக்கம். முதுகுவலி பற்றிய உங்கள் கட்டுரையில் டிஸ்க், தேய்மானம் எல்லாம் வந்தது, முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 45 வயதுக்குள் தொடங்கி, 3 மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் முதுகு மரக்கட்டை மாதிரி விறைத்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தாலும் விடாத வலி என்றால் இந்த அழற்சியோ என்று சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல வருடம் ஆகலாம். எம்.ஆர்.ஐ.யில், அதுவும் கொழுப்பை மங்கவைத்து எடுக்கும் ஸ்டிர் படத்தில், அழற்சியால் எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பது முன்கூட்டியே வெள்ளையாகத் தெரியும். ஆனால் கீழ்முதுகை மட்டும் எடுத்து 'நார்மல்' என்று அனுப்பினால் என்ன பயன், அழற்சி பெரும்பாலும் முதலில் பிடிப்பது முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டைத்தானே? சரி, பிரசவித்தவர்களுக்கும் ஓட்டக்காரர்களுக்கும்கூட அங்கே வெள்ளை தெரியலாம், அதனால் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது; மூட்டுவாத நிபுணர் பார்க்கட்டும்.