முதலாம் தவணை முடிவில் பெற்றோருக்கு அதிபர் எழுதும் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

முதலாம் தவணை நல்லபடியாக முடிகிறது. தவணைப் பரீட்சையில் பிள்ளைகள் பொதுவாக நன்றாகவே செய்திருக்கிறார்கள். தரம் 5 மாணவர்களுக்குப் பிற்பகல் வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றன. தமிழ்த்தினப் போட்டிக்கான பயிற்சியும் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் இல்லங்களாக, அதாவது அணிகளாகப் பிரிந்து மோதும் இல்ல விளையாட்டுப் போட்டியையும் நடத்தி முடித்தோம்.

அந்தப் போட்டியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அஞ்சலோட்டத்துக்குச் சற்று முன்பு, இரண்டு இல்லங்களின் கூடாரங்களில் வெளியிலிருந்து கொண்டுவந்த கட்சிக் கொடிகளும் தொழிற்சங்கக் கொடிகளும் கட்டப்பட்டன. கழற்றுங்கள் என்று சிலர், முடியாது என்று சிலர். அந்த இழுபறியில் பாரதி இல்லத்தின் கொடி கிழிந்து சேற்றில் விழுந்தது. உயர்தர மாணவிகள் பாடசாலை விட்ட பிறகு உட்கார்ந்து தைத்த கொடி அது. யார் செய்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களோடு நேரில் பேசிவிட்டேன்.

மறுநாள் ஆரம்பப் பிரிவில் ஒரு பிள்ளை, "சண்டை பிடிக்கத்தானா சேர் கொடி?" என்று கேட்டது. அதற்குப் பதில் சொல்லாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து காலைக் கூட்டத்தில் தினமும் ஒரு கொடியின் கதையைச் சொல்லி வருகிறோம். நீங்களும் வீட்டில் பேச வேண்டும் என்பதால் சிலவற்றை எழுதுகிறேன்.

போர்க்களத்துப் புழுதியில் நம் ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரிய வேண்டும். கொடி பிறந்ததற்கு அது ஒரு முக்கியமான காரணம். சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன். ஆனால் கொடிக்கு அது மட்டுமே வேலை இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் கொடியேறினால் திருவிழா தொடங்கிவிட்டது என்று ஊருக்கே தெரியும். அரைக்கம்பத்தில் பறந்தால் துக்கம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது 1936 பெர்லின் ஒலிம்பிக் கதை. ஹெயிட்டி, லீக்டன்ஸ்டைன் என்ற இரண்டு நாடுகளும் ஒரே மாதிரியான நீலமும் சிவப்புமான கொடியோடு அங்கே வந்து நின்றன. மறு ஆண்டே லீக்டன்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

நம் இலங்கைத் தேசியக் கொடியின் கதை மலையகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாளேந்திய சிங்கம் கண்டி இராச்சியத்தின் கொடி. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டான், கொடி இங்கிலாந்துக்குப் போனது. லண்டன் செல்சியில் முன்னாள் படைவீரர்களுக்கான இல்லத்தில் அது இருப்பதை, சுதந்திரத்துக்காகப் பாடுபட்ட தலைவர்களில் ஒருவரான ஈ. டபிள்யூ. பெரேரா கண்டறிந்தார். 1948இல் சுதந்திரத்தின்போது அந்தச் சிங்கக் கொடிதான் ஏறியது. தமிழரைக் குறிக்கும் செம்மஞ்சள் பட்டையும் முஸ்லிம்களைக் குறிக்கும் பச்சைப் பட்டையும் 1951இல் சேர்ந்தன. நான்கு மூலைகளிலும் உள்ள அரச மர இலைகள் 1972இல் வந்தவை.

இதைச் சொன்னபோது பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று, அப்போது நம் ஆட்களுக்குக் குடியுரிமை இருந்ததா என்று கேட்டது. நல்ல கேள்வி. அந்தப் பட்டை சேர்ந்த நாளில் தோட்டங்களில் இருந்த நம் பாட்டன் பாட்டிகளில் மிகப் பலர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக இருந்தார்கள். கடைசியாக மிஞ்சியிருந்தவர்களுக்கும் வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான். இதைப் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். அந்தக் கொடியில் நமக்கும் பங்கு உண்டு என்பதையும், அது கையில் கிடைக்க எவ்வளவு காலம் ஆனது என்பதையும் அவர்கள் சேர்த்தே அறிய வேண்டும்.

அந்த உரிமைக்காகவும் சம்பளத்துக்காகவும் தொழிற்சங்கக் கொடிகளின் கீழ் நின்றவர்கள் உங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். அந்தக் கொடிகளில் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை. மே தின ஊர்வலத்தில் அவை உயர்ந்து போகட்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை ஓடும் மைதானம் அவற்றுக்கு உரிய இடமில்லை. ஒரே இல்லத்துப் பிள்ளைகளின் தகப்பன்மார் வேறு வேறு சங்கங்களில் இருப்பார்கள். கூடாரத்தில் ஒரு சங்கத்தின் கொடி ஏறினால், மற்றப் பிள்ளை தன் சொந்த இல்லத்திலேயே வெளியாளாகிவிடுகிறது.

ஆகவே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் பாடசாலை வளவுக்குள் தேசியக் கொடி, மாகாணக் கொடி, பாடசாலைக் கொடி, இல்லக் கொடிகள் தவிர வேறு எந்தக் கட்சியின், சங்கத்தின் கொடிக்கும் இடமில்லை. வாயிலிலும் வேலியிலும் கட்டுவதற்கும் இது பொருந்தும். யார் கொண்டுவந்தாலும் சரி, எவ்வளவு பெரியவர் சொல்லி அனுப்பினாலும் சரி. மீறினால் நிகழ்ச்சியை அந்த இடத்திலேயே நிறுத்துவேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் இதற்கு உடன்பட்டிருக்கிறது.

உங்களில் பெரும்பாலானோருக்கு இந்தக் கடிதம் தேவையே இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அரைப்பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்து, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக்கூடக் கழற்றாமல் ஓரமாக நின்று கைதட்டிய தாய்மாரைப் பார்த்தேன். மழைக்குப் பிறகு மண்வெட்டியோடு வந்து ஓடுபாதையைச் சமன்செய்த தகப்பன்மாருக்கும், பழைய மாணவர்களுக்கும், வாக்குவாதத்தின் நடுவே புகுந்து இரு பக்கத்தையும் அமைதிப்படுத்திய பெரியவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. கிழிந்த கொடிக்குப் பதிலாகப் புதுத் துணி வாங்கித் தருவதாக இரண்டு பக்கத்துப் பெற்றோரும் சேர்ந்தே வந்து சொன்னார்கள். அந்த வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதல்.

இரண்டாம் தவணையின் முதல் வாரத்தில், பிள்ளைகள் வரைந்த உலக நாடுகளின் கொடிகளை மண்டபத்தில் காட்சிக்கு வைக்கிறோம். வேலை முடிந்து வருபவர்களுக்காக மாலை ஆறு மணிவரை திறந்திருக்கும். அவசியம் வாருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள,
அதிபர்