அளந்து முடித்த பிறகு மூடுங்கள்

அணுக்கரு இணைவு ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களுக்கு,

வணக்கம். 1950 ஜூலையில் சகாலின் தீவிலிருந்து ஒரு கடிதம் மாஸ்கோவுக்குப் போனது. எழுதியவர் ஒலெக் லாவ்ரென்தியெவ், சோவியத் ராணுவத்தில் சார்ஜன்ட். வயது 24. பணியில் இருந்துகொண்டே பள்ளிப் படிப்பை முடித்தவர். மின்புலத்தை வைத்தே அயனிகளை (மின்னேற்றம் கொண்ட அணுக்களை) ஓரிடத்தில் அடைத்து, லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஆற்றல் தரும் அணுக்கரு இணைவை நடத்தலாம் என்று காவல் போட்ட அறையில் உட்கார்ந்து எழுதியிருந்தார். கடிதம் மதிப்பீட்டுக்காக இயற்பியலாளர் ஆந்திரேய் சகாரவிடம் வந்தது. மின்புலத்தை உண்டாக்கும் கம்பிவலை, பிளாஸ்மா (அயனிகளாகப் பிரிந்த சூடான வாயு) பட்டால் தாங்காது என்ற குறை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் கடிதத்தை ஓரம்கட்டவில்லை. விரிவாகப் பேச வேண்டிய விஷயம், எழுதியவரின் முயற்சியை மதிக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார். கம்பிக்குப் பதில் காந்தப்புலம் என்ற யோசனையும் அந்த வாசிப்பில்தான் அவருக்குப் பிறந்தது. இன்று பிரான்ஸில் எழுந்துகொண்டிருக்கும் ஈட்டர் என்ற மாபெரும் இணைவு இயந்திரம் வரைக்கும் அந்தக் கோடு நீள்கிறது.

உங்கள் மேசைக்கு வரும் மின்புல அடைப்பு விண்ணப்பங்களையும் அந்தக் கண்ணோடு படியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மின்புல அடைப்பின் அடிப்படை எளிமையானது. காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் உருண்டைக் கலம். நடுவே டங்ஸ்டன் கம்பியில் முடைந்த சின்னக் கூண்டு. கூண்டுக்குப் பல ஆயிரம் வோல்ட் எதிர்மின் அழுத்தம் கொடுத்து, துளியளவு டியூட்ரியம் (கன ஹைட்ரஜன்) வாயுவை விட்டால், நேர்மின் அயனிகள் நாலாபக்கமிருந்தும் நடுவை நோக்கிப் பாய்கின்றன. 10,000 வோல்ட் இறக்கத்தில் விழும் ஒரு அயனிக்குக் கிடைக்கும் ஆற்றல், ஏறக்குறைய 11 கோடி டிகிரி வெப்பத்துக்குச் சமம். உள்ளே ஊதா நிறத்தில் ஒளி திரள்கிறது. கம்பிகளின் இடைவெளி வழியாக அதிலிருந்து கதிர்கள் நட்சத்திரம் போல நீளுகின்றன. கூண்டு மெல்லச் சிவந்து, பிறகு ஆரஞ்சாகப் பழுக்கிறது. அந்தப் பழுத்த கம்பியில்தான் சிக்கல் இருக்கிறது. நடுவில் மோதிச் சேர வேண்டிய அயனிகள் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கம்பியில் அடித்து வீணாகின்றன.

மின்னணுத் தொலைக்காட்சியின் முன்னோடி ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தின் கனவு இது. அவரோடு வேலை செய்த ராபர்ட் ஹிர்ஷ் 1967-ல் வெளியிட்ட கட்டுரையில், இணைவு நடந்ததற்கு அடையாளமான நியூட்ரான்கள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான கோடி வந்ததாகப் பதிவு செய்தார். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால், உள்ளே செலுத்திய மின்சாரத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. 1995-ல் எம்.ஐ.டி.யில் டாட் ரைடர் எழுதிய ஆய்வேடு இன்னும் கடுமையானது. இணையும் வாய்ப்பைவிட அயனிகள் ஒன்றையொன்று சிதறடிக்கும் வாய்ப்பு மிக மிக அதிகம் என்று காட்டியது. அந்த வாதங்களை நான் மதிக்கிறேன். நாளைக்கே மின்நிலையம் கட்டலாம் என்று யாராவது விண்ணப்பத்தில் எழுதினால் தாராளமாக நிராகரியுங்கள்.

என் வருத்தம் வேறு. கம்பியே வேண்டாம், காந்தச் சுருள்களால் எலக்ட்ரான்களைப் பிடித்து, அவற்றின் எதிர்மின்னால் அயனிகளை ஈர்க்கலாம் என்றார் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் பஸ்ஸார்ட். அமெரிக்கக் கடற்படைப் பணத்தில் பல ஆண்டு வேலை. 2005 நவம்பரில், பணம் தீரும் தறுவாயில், டபிள்யூ.பி.-6 என்ற கருவியை ஓட்டினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய நியூட்ரான்கள் தெரிந்தன. அப்புறம் ஒரு சுருள் பழுதாகி எல்லாம் நின்றது. அந்த எண்ணிக்கையிலிருந்து, இந்த வழி பலிக்கும் என்ற பெரிய முடிவுக்குப் பஸ்ஸார்ட் போனார். 2007-ல் அவர் இறந்தும் போனார். அவர் சொன்னது சரியா தவறா என்று நிதானமாக மறுபடி அளக்க அந்தக் கருவியே மிஞ்சவில்லை. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் வருடக்கணக்கில் அந்தச் சில எண்களை வைத்தே வாதாடினார்கள். நீங்கள் ஒதுக்கும் பணம் இப்படி ஒரு முடிவு தெரியாத இடத்தில் போய் நிற்கவே கூடாது.

சிறிய கருவிகளால் பயனே இல்லை என்றும் தள்ளிவிடாதீர்கள். விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு குல்சின்ஸ்கி குழுவினர் இதே வகைக் கருவியில் மருத்துவ ஸ்கேனுக்கான ஐசோடோப்புகளைச் சிறிய அளவில் உண்டாக்கிக் காட்டினார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தில் பஸ்ஸார்டின் அமைப்பைச் சிறிதாகக் கட்டி, அளந்ததை வெளியிட்டார்கள். ஒரு அறைக்குள் அடங்கும் கருவியில் ஆய்வு மாணவர் ஒருவர் வெற்றிடப் பம்பிலிருந்து நியூட்ரான் கணிப்பான் வரை தன் கையாலேயே கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ள முடியும். ஈட்டர் போன்ற பெரிய இயந்திரத்தில் அந்த வாய்ப்பு ஏது?

ஆகவே, மின்புல அடைப்புக்கென்று ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். நியூட்ரான் எண்ணிக்கையை வெளியாள் ஒருவர் தன் சொந்தக் கணிப்பானை வைத்துச் சரிபார்க்கட்டும். நியூட்ரானே வராவிட்டாலும் முழுத் தரவும் வெளியாக வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ஒப்பந்தம் எழுதும்போதே, முதல் சுருள் எரிந்தால் இரண்டாவது சுருள் செய்வதற்கும், அதே அளவீட்டைத் திரும்ப எடுப்பதற்கும் சேர்த்துப் பணம் எழுதிவிடுங்கள்.