ஆமை அழவில்லை: நுங்வி குகைப் பயணம் பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்களோடு தான்சானியாவின் சான்சிபார் தீவுக்கு வந்தவர்களுக்கு நுங்வி ஆமைக் குகையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தீவின் பழைய நகரமான ஸ்டோன் டவுனிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம், தீவின் வடமுனை, பழைய பவளப்பாறையைக் கடல் குடைந்த பள்ளம், நடுவே மூச்சு விட மேலே வந்து போகும் பேராமைகள்.

இந்த மடலை எழுத வைத்தது, எங்களோடு குகைக்கு வந்த ஓர் அம்மாவின் வாட்ஸ்அப் குரல்பதிவு. "ஆமையை அழ வைத்துக் காசு பார்க்கிறார்கள்" என்று தொடங்கி ஆறு நிமிடம் ஓடுகிறது. பலர் அதை எங்களுக்கே அனுப்பி, "இது நீங்கள்தானே?" என்று கேட்டீர்கள். நாங்கள்தான்.

அவர் வந்த அன்று காயம் பார்ப்பதற்காக ஓர் ஆமையைத் தண்ணீரிலிருந்து தூக்கி மேலே வைத்திருந்தார்கள். கண்ணோரம் பிசுபிசுவென்று நீர் வழிந்தது. அதைத்தான் அந்த அம்மா பார்த்திருக்கிறார். கடலாமையின் உடம்பில் சேரும் உப்பு முழுவதையும் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. அதற்கென்றே கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி உண்டு. கடல்நீரைவிட உப்பான நீரை அது வடிக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை நம் கண்ணுக்குத் தெரியாது, வெளியே வந்தால் தெரியும். கரையேறி முட்டையிடும் ஆமைக்கும் இதே நீர்தான் வழிகிறது; பிரசவ வேதனை என்று கதை கட்டியது நாம்தான். ஆமை சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. தூக்கி வைத்தால் எந்த ஆமைக்கும் பிடிக்காது. அழவில்லை என்று மட்டும்தான் சொல்கிறோம். அன்றே பக்கத்தில் நின்று விளக்கியிருக்க வேண்டும். எங்கள் தமிழ் வழிகாட்டி முந்தின வாரம்தான் வேலையை விட்டுப் போயிருந்தார். அது எங்கள் குறை, மன்னிக்கவும்.

அப்புறம், "மற்றவர்கள் ஆமையோடு நீந்துகிறார்கள், எங்களைக் கரையில் நிற்க வைத்தீர்கள்" என்ற புகார். உண்மைதான், நிற்க வைத்தோம், இனியும் நிற்க வைப்போம். நாம் பூசும் வெயில் கிரீம் அந்தக் குளத்தில்தான் கரையும். ஓடு வெறும் கல் என்று நினைத்துத் தடவுகிறோம். அது விலா எலும்போடும் முதுகெலும்போடும் ஒட்டிப் பிறந்தது, தொட்டால் ஆமைக்குத் தெரியும். நமக்கும் ஆபத்து உண்டு, ஆமையின் மேல் வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குகைக்குள் ஆமைகளை வைத்திருப்பதே சரியா என்று கேட்டவர்களுக்கு: குணமான ஆமை கடலுக்குப் போக வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணமும்.

செலவு பற்றியும் சொல்லிவிடுகிறோம். 2024 அக்டோபர் 1 முதல் சான்சிபார் வரும் வெளிநாட்டவர் அங்குள்ள அரசுக் காப்பீட்டை 44 டாலர் கட்டி எடுத்தாக வேண்டும். அதில் ஒரு காசுகூட எங்களுக்கு வருவதில்லை. டீசல், நுழைவுக் கட்டணம், வண்டி வாடகை எல்லாம் ஏறிய நிலையில் அடுத்த மாதம் முதல் குகைப் பயணத்துக்கு ஆளுக்கு 10 டாலர் கூடும், மதியச் சாப்பாடு சேராது.

குரல்பதிவு சுற்றிக்கொண்டிருந்தபோதே, "நாங்கள் மூன்று முறை போனோம், அப்படி எதுவும் இல்லை" என்று குழுக்களில் பதில் போட்டவர்களை மறக்க மாட்டோம். நாங்கள் கேட்காமலே செய்தீர்கள். மனசு நிறைந்த நன்றி.

இனி வருபவர்களுக்கு இரண்டே விஷயம். 2019 ஜூன் முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, அதனால் துணிப்பை கொண்டு வாருங்கள். கடற்கரையில் யாராவது அழுங்காமை என்ற கடலாமையின் ஓட்டில் செய்த வளையலைக் காட்டினால் வாங்காதீர்கள். அந்த வியாபாரத்துக்கு உலக அளவில் தடை, விமான நிலையத்தில் பிடித்தால் எங்களாலும் காப்பாற்ற முடியாது. கிளம்பும் நேரம் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பொறுத்து மாறும், முந்தின நாள் மாலை அழைத்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பயண அலுவலகத்தார்